மிக்ஜாம் புயலுக்குப் பிறகு ஆண் இல்லாத சவுலோசிக் கூட்டம்: என்ன செய்யலாம்?

வேளச்சேரித்_தொட்டி | 10 டிசம்பர் 2023

எல்லோருக்கும் வணக்கம். நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னிடம் நான்கடித் தொட்டி இருக்கிறது, ஏறக்குறைய 250 லிட்டர். மூன்று வருடமாக அதில் ஒரே இனம்தான்: ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியைச் சேர்ந்த சிண்டோங்கோ சவுலோசி. நீல உடம்பில் கருப்புப் பட்டை போட்ட ஆண் ஒன்று, மஞ்சளில் பதினொன்று. மூன்றாம் தேதி இரவு பத்து மணிக்கு மின்சாரம் போனது. தெருவில் முழங்காலுக்கு மேல் தண்ணீர். நாங்கள் முதல் மாடி என்பதால் வீட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேட்டரி ஏர் பம்ப் பதினான்கு மணி நேரம் ஓடி நின்றுபோனது. அதற்கப்புறம் நானும் என் மனைவியும் முறை போட்டுக்கொண்டு, கால் மணிக்கு ஒரு தடவை சொம்பில் மொண்டு ஓரடி உயரத்திலிருந்து ஊற்றினோம். தீனி போடவே இல்லை. ஐந்தாம் தேதி நள்ளிரவு தாண்டி மின்சாரம் வரும்வரை ஒரு மீன்கூடச் சாகவில்லை.

வந்த சந்தோஷத்தில் கேனிஸ்டர் ஃபில்டரைப் போட்டேன். குழாயிலிருந்து பழுப்பாக ஏதோ வந்தது, அழுகிய முட்டை நாற்றம். உடனே நிறுத்திவிட்டேன், ஆனாலும் விடிவதற்குள் நான்கு போய்விட்டன. அதில் ஒன்று அந்த ஆண். இப்போது எட்டு மஞ்சள் மீன்கள் மட்டும் இருக்கின்றன.

கொளத்தூரில் ஒரு கடையில் நீலப் பட்டை போட்ட ஆண் ஒன்று 600 ரூபாய்க்கு இருப்பதாக நண்பர் சொல்கிறார். "சவுலோசிதான் சார்" என்கிறாராம் கடைக்காரர். வாங்கலாமா?

நீலவரி | 10 டிசம்பர் 2023

தம்பி, படிக்கவே மனது கஷ்டமாக இருக்கிறது. மின்சாரம் இல்லாத ஐம்பது மணி நேரம் பம்பாலும் கையாலும் காற்று கொடுத்துக் காப்பாற்றியிருக்கிறீர்கள், அதை முதலில் சொல்ல வேண்டும்.

என்ன நடந்தது என்று எழுதிவிடுகிறேன், மற்றவர்களுக்கும் உதவும். கேனிஸ்டர் மூடிய டப்பா. ஓட்டம் நின்றால் உள்ளே இருக்கும் பாக்டீரியாக்கள் சில மணி நேரத்தில் ஆக்ஸிஜனைத் தீர்த்துவிடும். அப்புறம் அவையே செத்து அழுகும். இரண்டு நாள் கழித்துச் சுவிட்சைப் போட்டால் அந்த அழுகல் மொத்தமும் தொட்டிக்குள் இறங்கும். கரண்ட் இரண்டு மூன்று மணி நேரத்துக்கு மேல் போனால் கேனிஸ்டரைத் திறந்து, தண்ணீரைக் கொட்டி, ஸ்பாஞ்சுகளை எடுத்துத் தொட்டிக்குள்ளேயே மிதக்கவிட்டுவிடுங்கள். வந்ததும் கழுவி மாட்டிக்கொள்ளலாம். ஆப்பிரிக்கன் தொட்டி வைத்திருப்பவர்கள் கேனிஸ்டரோடு ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டரையும் எப்போதும் ஓடவிடுங்கள் என்று நான் சொல்லிக்கொண்டே இருப்பது இதற்காகத்தான்.

இன்னொன்று. அழுகலிலிருந்து வரும் அமோனியா, பிஎச் கூடிய தண்ணீரில் வாழும் நம் மீன்களுக்கு இரட்டை ஆபத்து. பிஎச் 7 உள்ள தண்ணீரில் மொத்த அமோனியாவில் விஷ வடிவத்தில் இருப்பது ஒரு சதவீதம்கூட வராது. பிஎச் 8 ஆனால் ஐந்து சதவீதம், 8.5 ஆனால் பதினைந்து. கோல்டு ஃபிஷ் தொட்டியில் தாங்கும் அளவு மலாவித் தொட்டியில் கொன்றுவிடும். அடுத்த இரண்டு வாரம் தினமும் டெஸ்ட் செய்யுங்கள், தினமும் கால் பங்கு தண்ணீர் மாற்றுங்கள், தீனியை ஒரு சிட்டிகையோடு நிறுத்துங்கள்.

அந்த ஆணை வாங்காதீர்கள். காரணம் பாசிப்பாறை அக்கா வந்து சொல்வார்.

பாசிப்பாறை | 11 டிசம்பர் 2023

வந்துவிட்டேன் அண்ணா.

தம்பி, உங்கள் எட்டும் பெண்கள்தான் என்று எப்படி முடிவு செய்தீர்கள்? சவுலோசியில் குஞ்சுகள் எல்லாமே மஞ்சள்தான். பெண் கடைசிவரை மஞ்சள். ஆண் வளர வளர நீலமாகும். ஆனால் தொட்டியில் ஏற்கெனவே ஒரு முரட்டு ஆண் இருந்தால் மற்ற ஆண்கள் நிறம் மாறாமல் மஞ்சளிலேயே ஒதுங்கிக்கொள்ளும். நீலம் காட்டினால் அடி விழும் என்று அவற்றுக்குத் தெரியும். பன்னிரண்டில் ஒன்றே ஒன்றுதான் ஆண் என்பதை நான் நம்பவில்லை. பொறுமையாக இருங்கள். அடிவயிற்றுத் துடுப்பின் முன்னோரத்தில் கருப்புக் கோடு, குதத்துடுப்பில் பளிச்சென்ற முட்டைப்புள்ளி இருக்கிற மஞ்சள் மீன் உண்டா என்று மட்டும் பாருங்கள்.

கடை மீன் விஷயம். நீலத்தில் கருப்புப் பட்டை என்று பார்த்தால் மலாவியில் ஒரு பட்டாளமே இருக்கிறது. டெமசோனி, எலாங்கேட்டஸ் வகைகள், இவற்றின் கலப்புகள். எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் போட்டு, பெருகியதைக் கலர் பார்த்துப் பெயர் வைத்து விற்கிறவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆணை விட்டால் உங்கள் பெண்கள் கட்டாயம் முட்டையிடும். குஞ்சு பிறக்கும். அது சவுலோசியாக இருக்காது.

யாழ்_நன்னீர் | 11 டிசம்பர் 2023

வணக்கம் தம்பி. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன். அக்கா சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன்.

நிறத்தை நம்பாமல் துவாரத்தைப் பார்க்கலாம். மீனை ஈரத் துணியில் மெதுவாகப் பிடித்து, வயிற்றுப் பக்கம் மேலே வரத் திருப்பினால் குதத்துடுப்புக்கு முன்னால் இரண்டு துவாரம் தெரியும். ஆணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒரே அளவு. பெண்ணுக்குப் பின்னால் உள்ளது பெரிது, முட்டை வர வேண்டுமே. ஆறு சென்டிமீட்டருக்குக் குறைந்த மீனில் பிழைவிட இடமுண்டு. வடிவாப் பார்க்க வேணும் என்றால் எட்டையும் ஒரே நாளில் பிடித்து ஒன்றோடு ஒன்று ஒப்பிடுங்கோ. ஆனால் இப்ப வேண்டாம். இவ்வளவு பட்ட மீன்களைக் கையில் தூக்குவது சரியில்லை, இரண்டு கிழமை போகட்டும்.

விக்கி_அக்வா | 12 டிசம்பர் 2023

எல்லோரும் ஏன் இவ்வளவு பயமுறுத்துகிறீர்கள்? நான் பத்து வருடமாகக் கலந்துதான் வைத்திருக்கிறேன். கலப்பு மீன் திடமாக இருக்கிறது, விலையும் குறைவு, கலரும் புதிதாக வருகிறது. வீட்டில் அழகுக்கு வைக்கிற மீனுக்கு ஜாதி பார்க்க வேண்டுமா? அவர் ஏற்கெனவே நொந்துபோயிருக்கிறார். அந்த ஆணை வாங்கித் தொட்டியை நிறைவாக்கிச் சந்தோஷமாக இருக்கட்டுமே.

பாசிப்பாறை | 12 டிசம்பர் 2023

விக்கி, நீங்கள் அக்கறையில்தான் சொல்கிறீர்கள், புரிகிறது. கலப்பு மீனை வைத்திருப்பது பாவம் என்று நான் சொல்ல மாட்டேன். கலப்பு என்று தெரிந்து, கலப்பு என்று சொல்லி வைத்திருந்தால் யாருக்கும் நஷ்டமில்லை. இந்த மீனின் கதை வேறு. அதைச் சொல்கிறேன்.

மலாவி ஏரியில் சிசுமுலு என்று ஒரு தீவு. அதற்கு வடக்கே தண்ணீருக்கடியில் ஒரு பாறைத்திட்டு, பெயர் தைவான் ரீஃப். சவுலோசிக்கு உலகத்தில் அது ஒன்றுதான் சொந்த ஊர். பாறையில் வாழும் இந்த வகை மீன்களை அங்கே ம்பூனா என்பார்கள். பாறையில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்றுகொண்டு, பாறைச் சந்திலேயே பிறந்து அங்கேயே சாகும். நடுவே ஆழமோ வெறும் மணலோ இருந்தால் தாண்டிப் போகாது. அதனால்தான் ஒரே ஏரியில் பாறைக்குப் பாறை வேறு வேறு இனம். மீன் பிடிக்கும் முக்குளிப்பாளர் சவுலோஸ் ம்வாலேயின் பெயரை வைத்து, 1990இல் மீன் ஆய்வாளர் அட் கோனிங்ஸ் இதற்கு அறிவியல் பெயர் கொடுத்தார். அப்போது சூடோட்ரோஃபியஸ் சவுலோசி. சிண்டோங்கோ என்று பேரினம் மாறியது 2016இல். ஆணும் பெண்ணும் இரண்டு வேறு மீன்போல அழகாக இருப்பதால் உலகமெல்லாம் கேட்டார்கள், கேட்கக் கேட்கப் பிடித்தார்கள். ஒரு சிறு திட்டு எவ்வளவுதான் கொடுக்கும்? இன்றைக்கு ஐயுசிஎன் (சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம்) சிவப்புப் பட்டியலில் இது மிகவும் அருகிவிட்ட இனம். அழிவதற்கு முந்தைய படி.

தம்பி தொட்டியில் எட்டு தூய சவுலோசி இருக்கிறது என்றால் அது அப்படிப்பட்ட எட்டு. டெமசோனியும் அதே ஏரி, அதே பேரினம்தான், ஆனால் அது தான்சானியக் கரையின் பொம்போ பாறைகளைச் சேர்ந்தது. ஏரியில் இவை இரண்டும் ஒன்றையொன்று பார்த்ததே இல்லை. நம் வீட்டில்தான் சந்திக்க வைக்கிறோம்.

விக்கி_அக்வா | 12 டிசம்பர் 2023

இது எனக்குத் தெரியாது அக்கா. ஆனால் ஒரு கேள்வி. வேளச்சேரியில் பிறந்த குஞ்சு அந்தப் பாறைக்குத் திரும்பப் போகப் போகிறதா? போகாது என்றால் தூய்மை யாருக்காக?

நீலவரி | 13 டிசம்பர் 2023

நியாயமான கேள்வி. நேராகவே பதில் சொல்கிறேன்: போகாது, போகவும் கூடாது. எந்த நோயைச் சுமந்திருக்கிறது, எத்தனை தலைமுறை உறவுக்குள் பெருகியது என்று தெரியாத மீனை ஏரியில் விடுவது துரோகம். மலாவியிலேயே ஸ்டுவர்ட் கிராண்ட் பெயரில் சிக்லிட் (சவுலோசி சேர்ந்த மீன் குடும்பம்) பாதுகாப்பு நிதி ஒன்று இயங்குகிறது. அங்கேயே வளர்த்த சவுலோசியைத் தைவான் ரீஃபில் திரும்ப விடும் வேலையைச் செய்தவர்கள் அவர்கள்தான். அது அங்கே இருப்பவர்கள் செய்ய வேண்டிய வேலை. "நான் இனத்தைக் காப்பாற்றுகிறேன்" என்று நம்மில் யாரும் சொல்லிக்கொள்ளக் கூடாது.

நாம் செய்யக்கூடியது வேறு. வீட்டில் பிறந்த தூய மீன் கிடைத்தால் காட்டிலிருந்து பிடித்த மீனை யாரும் கேட்க மாட்டார்கள். சவுலோசி என்ற பெயரில் கலப்பு பரவினால், தூயது வேண்டும் என்கிறவன் மறுபடியும் பிடித்த மீனைத்தான் தேடுவான்.

தொட்டி மீனுக்கு மதிப்பே இல்லை என்றும் ஒதுக்கிவிட முடியாது. மடகாஸ்கரில் மங்கரஹாரா ஆற்றுச் சிக்லிட் என்று ஒன்று. நெல் பாசனத்துக்காக அணை கட்டி, ஆற்றைத் திருப்பி, வாழிடமே வற்றிவிட்டது. 2013இல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் ஆண்கள் மட்டும் மிஞ்சி, "எங்காவது ஒரு பெண் மீன் இருக்கிறதா" என்று உலகம் முழுக்க இருக்கிற வளர்ப்பாளர்களிடம் கேட்டார்கள். அந்த வருட முடிவுக்குள் மடகாஸ்கரிலேயே ஓர் ஓடையில் கொஞ்சம் மீன்கள் உயிரோடு கிடைத்தன. தம்பியின் தொட்டிக் கதை மாதிரியே இருக்கிறது இல்லையா? ஆண் மட்டும் மிஞ்சினால் அங்கே, பெண் மட்டும் மிஞ்சினால் இங்கே.

ஒரு கொசுறு: மடகாஸ்கர் சிக்லிட்களில் ஒரு பிரிவுக்கு மிக நெருங்கிய சொந்தம் நம் பக்கத்துக் கரிமீன். சிக்லிட் நமக்கு அந்நியம் இல்லை. குளத்தில் பிடித்துக் குழம்பு வைக்கிற ஜிலேபிக் கெண்டையும் ஆப்பிரிக்கச் சிக்லிட்தான், 1952இல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்தது. சவுலோசிபோலவே அதுவும் வாயில்தான் குஞ்சு வளர்க்கும்.

வேளச்சேரித்_தொட்டி | 24 டிசம்பர் 2023

அக்கா, அண்ணா, எல்லோரும் வாருங்கள்!

கடை ஆணை வாங்கவில்லை. அமோனியா 15ஆம் தேதியோடு பூஜ்யத்துக்கு வந்தது. 17ஆம் தேதி காலை, விளக்கு போடுவதற்கு முன் ஜன்னல் வெளிச்சத்தில் பார்க்கிறேன், ஒரு மஞ்சள் மீனின் முகம் மட்டும் அழுக்குப் பட்டதுபோல இருந்தது. நோய் என்றுதான் நினைத்தேன். மறுநாள் முதுகில் ஐந்தாறு நிழல்கள், பழைய துணியில் கறை ஊறினமாதிரி. 20ஆம் தேதி நிழல்கள் பட்டையாகிவிட்டன. இடையில் இருந்த மஞ்சள் வெளுத்து, ஒருவிதச் சாம்பல், அப்புறம் வால் பக்கத்திலிருந்து நீலம் ஏறியது. இன்று காலை இறந்துபோன ஆணின் அதே கல்லடிக் குகையில், அதே இடத்தில் மணலைத் தோண்டிக் குழி பறித்துக்கொண்டிருக்கிறது. மூன்று வருடம் தினமும் பார்த்த மீன். பெண் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் மனைவி அரைமணி நேரம் தொட்டிமுன் உட்கார்ந்துவிட்டாள்.

பாசிப்பாறை | 24 டிசம்பர் 2023

கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது தம்பி. இனி கவனம்: ஏழு பெண்ணுக்கு ஓர் ஆண் நல்ல கணக்கு, ஆனால் புதிதாகப் பதவிக்கு வந்தவன் மூர்க்கமாகத் துரத்துவான். கற்களை இன்னும் நெருக்கமாக, தண்ணீர் மட்டத்துக்குக் கொஞ்சம் கீழ்வரை அடுக்குங்கள். துரத்தப்படுகிற மீனுக்கு ஒளிந்துகொள்ள இரண்டு வழியாவது இருக்க வேண்டும். தீனியில் புழு வேண்டாம், மாமிசம் வேண்டாம். ஸ்பைருலினா, வெந்நீரில் போட்டெடுத்த பசலைக்கீரை போதும். பாசி தின்னும் மீனுக்கு நீளமான குடல். கொழுப்பும் புரதமும் ஏறினால் வயிறு வீங்கும், மலம் வெள்ளை நூலாக வரும், தீனி எடுக்காது. அந்த நிலையில் பிழைப்பது கஷ்டம்.

வேளச்சேரித்_தொட்டி | 9 பிப்ரவரி 2024

ஒரு பெண் மூன்று நாளாகச் சாப்பிடவில்லை. தாடை கீழே இறங்கி, வாயை மென்றுகொண்டே இருக்கிறது. முட்டைதானே? வாயைத் திறந்து முட்டையை எடுத்துத் தனியாகப் பொரிக்க வைப்பவர்கள் உண்டாமே, செய்யலாமா?

நீலவரி | 9 பிப்ரவரி 2024

முட்டைதான். வாழ்த்துகள். மென்று தின்பதாக நினைத்துப் பயப்படாதீர்கள், முட்டைகளுக்கு நல்ல தண்ணீர் படும்படி உருட்டிவிடுகிறது. ஆணின் குதத்துடுப்பில் உள்ள மஞ்சள் புள்ளிகளை முட்டை என்று நினைத்துப் பெண் கொத்தப்போகும்போதுதான் வாயிலிருக்கும் முட்டைகள் கருவுறும். அடுத்த தடவை நடக்கும்போது பாருங்கள், இருவரும் ஒருவர் வாலை ஒருவர் பிடிப்பதுபோல வட்டம் சுற்றுவார்கள்.

எடுக்காதீர்கள் என்பது என் கட்சி. குஞ்சுகள் வாயை விட்டு வெளியே வர ஏறக்குறைய மூன்று வாரம் ஆகும். பதினெட்டாம் நாள் இரவு, விளக்கணைத்த பிறகு, வலையில் தூக்காமல் ஒரு டப்பாவில் தண்ணீரோடு மொண்டு, சிறு தொட்டிக்கு மாற்றுங்கள். அதே தொட்டித் தண்ணீர், ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், இரண்டு கல். அவளே துப்புவாள்.

யாழ்_நன்னீர் | 10 பிப்ரவரி 2024

நான் கொஞ்சம் மாறுபடுகிறேன் அண்ணை. முதல் தடவை முட்டையிடும் பெண் பாதியில் விழுங்கிவிடுவது அடிக்கடி நடக்கிறது. மீன் அரிது, கூட்டம் எட்டுத்தான் என்றால் பதினைந்தாம் நாள் குஞ்சுகளை எடுத்து வளர்ப்பதில் பிழையில்லை. நான் தங்கனிக்கா ஏரி மீனான டுபோய்சிக்கு அப்படித்தான் செய்கிறேன்.

நீலவரி | 10 பிப்ரவரி 2024

உங்கள் அனுபவத்தை மறுக்கவில்லை. இந்தப் பெண் விழுங்கினாலும் அடுத்த மாதம் மறுபடியும் முட்டையிடும், அதனால் அவளுக்கு ஒரு வாய்ப்புக் கொடுக்கலாம் என்பதுதான் என் எண்ணம். முடிவு தம்பியுடையது.

வேளச்சேரித்_தொட்டி | 1 மார்ச் 2024

அவளிடமே விட்டேன். பதினெட்டாம் நாள் மாற்றினேன், இருபத்திரண்டாம் நாள் காலை தொட்டித் தரையில் பதினான்கு குஞ்சுகள். ஒவ்வொன்றும் அரிசியைவிடக் கொஞ்சம் பெரிது, அதற்குள் மஞ்சள். நான் கிட்டே போனதும் இரண்டு குஞ்சுகள் அம்மாவின் வாய்க்குள் திரும்ப ஓடின. முட்டையிலிருந்து அப்போதுதான் வெளிவந்த ஆர்ட்டீமியாவும் (பொடி இறால் வகை) பொடித்த ஸ்பைருலினாவும் போடுகிறேன். அம்மா மிகவும் மெலிந்துவிட்டாள், ஒரு வாரம் தனியாகத் தேற்றிவிட்டு விடப்போகிறேன்.

சிறுவாணிக்காரன் | 3 மார்ச் 2024

இழையை முதலிலிருந்து படித்துவிட்டேன் அண்ணா. குஞ்சுகள் வளர்ந்ததும் கொடுப்பீர்களா? கோவையில் இருக்கிறேன். எங்கள் சிறுவாணித் தண்ணீர் மிக மிருது, கேஎச் (கார்பனேட் கடினத்தன்மை) இரண்டுகூட வரவில்லை. ஃபில்டரில் கிளிஞ்சல் போட்டால் போதுமா?

யாழ்_நன்னீர் | 3 மார்ச் 2024

தம்பி, எங்களுக்குச் சுண்ணக்கல் நிலம், கிணற்றுத் தண்ணியை அப்படியே ஊற்றுகிறோம். உங்களுக்கு வேலை இருக்கு. கிளிஞ்சல் தனியாகப் போதாது. பிஎச் 7.8ஐ நெருங்கும்போது அது கரைவது கிட்டத்தட்ட நின்றுவிடும். சமையல் சோடா வேணும். 50 லிட்டருக்கு ஒரு தேக்கரண்டி போட்டால் கேஎச் நான்கு அளவு ஏறும். அதே அளவு எப்சம் உப்பு ஜிஎச்சை (மொத்தக் கடினத்தன்மை) இரண்டு ஏற்றும். மாற்றுகிற தண்ணீரில் மட்டும் கரைத்து ஊற்றுங்கோ, தொட்டிக்குள் நேராகக் கொட்டாதீர்கள்.

நீலவரி | 4 மார்ச் 2024

சரியான கணக்கு. ஒன்று மட்டும்: மலாவித் தண்ணீர் பலர் நினைக்கிற அளவு கடினம் இல்லை. ஜிஎச் நான்கிலிருந்து ஆறு, கேஎச் ஆறிலிருந்து எட்டு, பிஎச் 7.7இலிருந்து 8.6 வரை. தங்கனிக்கா ஏரிக்கான உப்புக் கணக்கை மலாவி மீனுக்குப் போடாதீர்கள். சென்னைக்காரர்களும் கேளுங்கள். "போர் தண்ணீர் டிடிஎஸ் 1500, ஆப்பிரிக்கனுக்கு அமிர்தம்" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த 1500இல் பாதிக்கு மேல் சாதாரண உப்பாக இருக்கலாம். டிடிஎஸ் மீட்டர் எது என்ன என்று பிரித்துச் சொல்லாது. கேஎச், ஜிஎச் டெஸ்ட் வாங்குங்கள்.

வேளச்சேரித்_தொட்டி | 4 மார்ச் 2024

சிறுவாணி தம்பி, நான்கு சென்டிமீட்டர் ஆனதும் பத்துக் குஞ்சுகள் தருகிறேன், காசு வேண்டாம். இரண்டு நிபந்தனை. அந்தத் தொட்டியில் வேறு ம்பூனா கூடாது. பிற்பாடு நீங்கள் யாருக்குக் கொடுத்தாலும் எந்த இனம், யாரிடமிருந்து வந்தது என்று எழுதிக் கொடுக்க வேண்டும்.

விக்கி_அக்வா | 5 மார்ச் 2024

மிச்சம் நான்கை யாருக்கும் சொல்லிவிடாதீர்கள் அண்ணா. இரண்டடித் தொட்டி ஒன்றைக் காலி செய்துகொண்டிருக்கிறேன், நான்கடி கிடைக்கும்வரை குஞ்சுகளுக்கு அது போதும். அடுத்த ஈட்டில் ஆறு குஞ்சுகள் கொடுத்தால் பத்தாக்கிக்கொள்கிறேன். பெயர்ச்சீட்டு ஒட்டித்தான் வைப்பேன்.

சிறுவாணிக்காரன் | 16 ஜூன் 2024

நேற்று இரவு பஸ்ஸில் தெர்மாக்கோல் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டே வந்தேன். பத்தும் உயிரோடு இருக்கின்றன. பைக்குள் பிஎச் இறங்கியிருக்கும் என்று நீலவரி அண்ணா சொன்னபடி நேராக ஊற்றவில்லை, அதிக நேரம் ஊறவும் வைக்கவில்லை. சூடு சமமானதும் மீனை மட்டும் எடுத்துவிட்டேன். தொட்டி கேஎச் ஏழு, பிஎச் 8.1.

முதல் மூன்று மணி நேரம் பத்தும் ஒரே மூலையில் இருந்தன. இப்போது ஒன்று வந்து, பாசி பிடிக்கட்டும் என்று இரண்டு மாதம் மொட்டைமாடி வெயிலில் தண்ணீரில் போட்டுவைத்திருந்த கல்லைக் கொத்திப் பார்க்கிறது.